கடலடியில் ஒரு காலை

காவிரிக் கரையில் வாழ்வார்க்கு நீர் புதிதன்று. நடக்கப் பழகும் வயதிலேயே நீந்தவும் பழகுவது அக்கரையின் இயல்பு. ஆடிப் பெருக்கன்று நுங்கும் நுரையுமாகப் பெருகி வரும் வெள்ளத்தைக் கண்டு கைகூப்பியும், கோடையில் மணலைத் தோண்டி ஊற்று நீர் அள்ளியும் வளர்ந்தவர்கள் அவர்கள். ஆயினும் ஆறு வேறு, கடல் வேறு. ஆற்றுக்கு அக்கரை உண்டு. கடலுக்குக் கண்ணுக்கு எட்டிய வரையில் கரை இல்லை. ஆற்றின் அடியைக் கோடைதோறும் காலால் மிதித்து நடக்கிறோம். கடலின் அடியைக் கதைகளிற் கேட்டவர் பலர், கண்ணாற் கண்டவர் மிகச் சிலர். மருத நிலத்து மக்களாகிய நாம் நெய்தல் நிலத்தின் மேற்பரப்பை மட்டுமே அறிவோம். அதன் உள்ளிடத்தை அறியோம்.

திருச்சிராப்பள்ளியின் கிழக்கில், தஞ்சைக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது அரியமங்கலம். உய்யக்கொண்டான் வாய்க்காலும் பொன்மலை இரயில்வே பணிமனையும் அதற்கு அணியவை. அவ்வூரைச் சேர்ந்த நாங்கள் எண்மர், பங்குனி மாதத்துச் சனி, ஞாயிறு ஆகிய இரு நாள்களில் இராமேசுவரம் சென்று, கடலுள் மூழ்கி அதன் அடியைக் கண்டு வருவதென்று முடிவு செய்தோம். பணிமனைத் தொழிலாளர் இருவர், பள்ளி ஆசிரியர் இருவர், செவிலியார் ஒருவர், அரிசி வணிகர் ஒருவர், விலங்கியல் பயிலும் அவருடைய மகள், நான் ஆகியோரே அவ்வெண்மர். செய்தி அறிந்த வணிகரின் தாயார், "இராமேசுவரம் சென்று முழுக்குப் போடுவது நம் முன்னோர் வழக்கந்தான். ஆனால் அவர்கள் மூக்கைப் பிடித்து மூழ்கி உடனே எழுந்துவிடுவார்கள். நீங்கள் போடப் போகும் முழுக்கு மிக நீளமாக இருக்கிறதே!" என்று நகைத்தார். அம்மூதாட்டியின் நகையில் அச்சமும் கலந்திருந்தது. வணிகர்க்கு நீச்சலே தெரியாது என்பது ஊரறிந்த செய்தி.

சனிக்கிழமை வைகறையில் ஒரு வேனில் புறப்பட்டோம். புதுக்கோட்டையைக் கடந்ததும் நிலத்தின் நிறம் மாறியது. நெல் வயல்கள் மறைந்து செம்மண் மேடுகள் தோன்றின. காரைக்குடியைத் தாண்டித் தெற்கே செல்லச் செல்லச் செம்மண்ணும் மறைந்தது. உடைமரமும் பனையும் மிகுந்தன. இராமநாதபுரத்தைக் கடந்தபோது காற்றில் உப்பின் மணம் வீசியது. மண்டபத்திற்கு அப்பால் நிலம் முடிந்தது, பாலம் தொடங்கியது.

பாம்பன் பாலத்தின்மேல் வண்டியை விட்டு இறங்கி நின்று காணாதார் அரியர். கீழே 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலம் ஓய்வு பெற்ற முதியவர் போல நின்றது. அதன் அருகே, 2025-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய பாலம் தன் நடுப்பகுதியை அப்படியே மேலே உயர்த்திக் கப்பலுக்கு வழிவிடும் ஆற்றலோடு விளங்குகிறது. நாங்கள் நின்ற சாலைப் பாலத்தின் இரு மருங்கிலும் இரு வேறு கடல்கள். தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக் நீரிணை. தென்கடலை ஆண்கடல் என்றும், வடகடலைப் பெண்கடல் என்றும் அங்குள்ள மீனவர் வழங்குகின்றனர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் சீறும். வடகடல் அமைதியாய் இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் பொங்கும்; தென்கடல் அடங்கியிருக்கும். ஒரு தாய் வயிற்று மக்கள் இருவர் முறைவைத்துச் சினங்கொள்வது போன்றது இது.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே, தென்கடலில், 21 தீவுகள் மாலைபோல் அமைந்திருந்தன. அவற்றைச் சூழ்ந்த கடற்பகுதி 1986-ஆம் ஆண்டில் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகளும் கடற்புல் வெளிகளும் நிறைந்த அப்பகுதியில் உரிய ஒப்புதலின்றி எவரும் இறங்கலாகாது. ஆதலால் எங்கள் பயிற்றுநர்கள், பூங்காவின் எல்லைக்கு வெளியே, வடகடலில் ஆழம் குறைந்த ஓரிடத்தையே தேர்ந்திருந்தனர்.

அன்று பிற்பகல் இடுப்பளவு நீரில் பயிற்சி தொடங்கிற்று. முதுகில் சுமக்க ஓர் உலோக உருளை. மூக்கையும் கண்ணையும் மூடும் கண்ணாடி. வாத்தின் பாதம் போன்ற துடுப்புக் காலணி. வாயிற் கவ்விக்கொள்ள ஒரு குழாய். இத்தொகுதியையே ஸ்கூபா என்கின்றனர். உருளையில் இருப்பது வெறும் பிராணவாயு என்று எங்களுட் பலர் எண்ணியிருந்தனர். அஃது உண்மையன்று. நாம் நாள்தோறும் உள்வாங்கும் காற்றே அழுத்தி அடைக்கப்பட்டுள்ளது. இரண்டாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட காற்று ஒரு குழந்தையின் உயரமே உள்ள உருளைக்குள் ஒடுங்கியிருக்கிறது. அக்காற்றை அப்படியே வாய்க்குள் விடுவது ஆகாது. மூழ்குவோன் இழுக்கும்போது மட்டும், அவன் இருக்கும் ஆழத்திற்கு ஏற்ற அழுத்தத்தில், வேண்டிய அளவு காற்றைத் தரும் கருவி ஒன்று வேண்டும். அக்கருவியைப் பிரெஞ்சு நாட்டின் கடற்படை அதிகாரி குஸ்தோ என்பவரும், காஞ்ஞான் என்னும் பொறியாளரும் 1943-ஆம் ஆண்டில் உருவாக்கினர். அதற்கு முன் மூழ்குவோன் மேலிருந்து வரும் காற்றுக் குழாயால் கட்டுண்டு கிடந்தான்; அல்லது தன் நெஞ்சில் அடங்கிய மூச்சையே நம்பி இறங்கினான். அக்கருவி வந்தபின் அவன் மீனைப் போலத் தடையின்றித் திரியலானான்.

பயிற்றுநர் கூறிய முதல் விதி எங்களுக்கு வியப்பளித்தது. "நீருக்குள் எந்நேரமும் மூச்சு விட்டுக்கொண்டே இருங்கள், ஒரு நொடியும் மூச்சை அடக்காதீர்கள்" என்றார் அவர். காவிரியில் மூழ்கும் சிறுவன் முதலிற் கற்பது மூச்சை அடக்குவதே அன்றோ? இங்கு விதி தலைகீழாக உள்ளதே என்று வினவினோம். காற்றழுத்தக் கருவிகளோடு பழகிய பொன்மலை நண்பர் ஒருவர் அதற்கு விடை கூறினார். நிலத்தின்மேல் நம்மை ஒரு பங்கு காற்றழுத்தம் தாங்கி நிற்கிறது. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு பங்காகிறது. இருபது மீட்டர் இறங்கினால் மூன்று பங்காகிறது. ஆழத்தில் நெஞ்சு நிறைய உள்வாங்கிய காற்று, மேலே வர வர விரியும். பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு படியாக இருந்த காற்று மேற்பரப்பில் இரண்டு படியாகிவிடும். வாயை மூடி மூச்சை அடக்கியவாறு மேலே வருவோனின் நுரையீரல் அவ்விரிவைத் தாங்காது. ஆதலால் உள்வாங்கிய காற்றை வெளிவிட்டுக்கொண்டும், மெல்ல மெல்லவுமே மேலேற வேண்டும். காதுக்கும் இவ்விதியே. இறங்கும்போது நீரின் அழுத்தம் செவிப்பறையை உள்நோக்கித் தள்ளும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் உள்ளிருந்து காற்று சென்று அதனைச் சமன் செய்யும் என்று செவிலியார் விளக்கினார்.

இரண்டாம் விதி, தனியே இறங்கலாகாது என்பது. ஒவ்வொருவர்க்கும் ஓர் இணைவர் உண்டு. ஒருவர் கண்ணுக்கு மற்றவர் எப்பொழுதும் தெரிய வேண்டும். ஒருவரிடம் காற்றுக் குறைந்தால் மற்றவர் தம் காற்றைப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு கருவியிலும் இரண்டாவதாக ஒரு வாய்க்குழாய் வைக்கப்பட்டுள்ளது. நீருக்குள் வாய் பேசாது, கையே பேசும். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்தால் 'நலம்' என்பது பொருள். கட்டைவிரலை உயர்த்துவதை நிலத்தில் பாராட்டாகக் கொள்கிறோம். நீரில் அதற்கு 'மேலே செல்வோம்' என்பதே பொருள். வணிகர் அதனை மறந்து, பயிற்சியின்போது மகிழ்ச்சியோடு கட்டைவிரலை உயர்த்தினார். பயிற்றுநர் உடனே அவரை மேலே கொண்டுவந்து நிறுத்தினார். அவருக்கு இணையாக அவர் மகளே அமைந்தாள்.

மாலையில் கரையோரத்தில் வலை உலர்த்தும் திடலில் அமர்ந்திருந்தோம். எங்களை அழைத்துச் செல்லவிருந்த படகின் உரிமையாளருடைய தந்தையார் அங்கு வந்தார். எழுபத்தைந்தைக் கடந்தவர், உரமான தோள், ஒரு காது கேளாது. இளமையில் சங்கு குளித்து வாழ்ந்தவர் என்பதை அறிந்ததும் எங்கள் பேச்சு அவர்பால் திரும்பிற்று.

'சங்கு குளித்தல்', 'முத்துக் குளித்தல்' என்னும் தொடர்களில் தமிழ்மொழி ஒரு பழைய பொருளைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. குளித்தல் என்பதற்கு மூழ்குதல் என்பதே அங்குப் பொருள். பாண்டியர் துறையாகிய கொற்கையின் முத்து, கடல் கடந்து உரோம நாடு வரை சென்றது. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பழங்கடற்பயண நூலும் அத்துறையின் முத்துக்குளிப்பைக் குறிக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, குளிப்போர் மூழ்கும் முறையையும், சுறாக்களை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே கூலி பெற்று அமர்ந்திருந்தாரையும் கண்டு எழுதினார். அவ்வாறு மந்திரிப்போரைக் கடற்கட்டிகள் என்று வழங்கினர். அத்துணைப் பழைமை வாய்ந்த தொழில், தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. முத்துச்சிப்பிகள் அருகிப்போயின. அந்த இறுதிக் குளிப்பைச் சிறுவராகக் கண்டவர் எங்கள் முன் அமர்ந்திருந்த பெரியவர்.

"என் தந்தை முத்துக் குளித்தவர், தம்பி" என்று அவர் தொடங்கினார். "காலில் ஒரு கல்லைக் கோத்துக்கொள்வார். இடுப்பில் ஒரு கூடை. மூக்கைப் பிடித்துக்கொண்டு கல்லோடு இறங்கிவிடுவார். கீழே போனதும் கல்லை விட்டுவிட, மேலிருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் சிறிது. அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியை எல்லாம் வாரிப் போட்டுக்கொண்டு கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலிருப்பவர் அந்தச் சுண்டலை அறிந்து அந்த நொடியே இழுக்கவேண்டும். இழுக்கத் தவறினால் அவ்வளவுதான்."

"அக்கயிற்றைப் பிடிப்பவர் யார் ஐயா?" என்று கேட்டாள் வணிகரின் மகள்.

"வேறு யார் அம்மா? என் தாய்மாமன்தான்" என்றார் பெரியவர். "எங்கள் பக்கத்தில் குளிப்பவனுக்குக் கயிறு பிடிக்க அவன் மைத்துனனைத்தான் அழைப்பார்கள். அண்ணன் தம்பி என்றால் சொத்தில் பங்கு உண்டு. மைத்துனனுக்கு அது இல்லை. அவன் கையில் இருப்பது வெறுங்கயிறு அல்ல. தன் தங்கையின் தாலிக்கயிறு. அவன் கண் அயர்வானா?"

நாங்கள் பேச்சற்றிருந்தோம். இரண்டாயிரம் லிட்டர்க் காற்றைச் சுமந்து, அழுத்தமானியைப் பார்த்துப் பார்த்து இறங்கப் போகின்ற எங்களுக்கும், ஒரு நெஞ்சு மூச்சோடு இறங்கிய அவர் தந்தைக்கும் உள்ள வேற்றுமை பெரிது. அவருக்கு மூச்சை அடக்குவதே விதி. எங்களுக்கு மூச்சை அடக்காதிருப்பதே விதி. ஆனால் இருவர்க்கும் பொதுவாகிய விதி ஒன்று உண்டு. தம் மூச்சைப் பிறர் ஒருவர் கையில் ஒப்படைத்த பின்னரே இருவரும் இறங்குகின்றனர். அன்று அது கயிறு. இன்று அது இணைவரின் கண்.

எழுந்து செல்லும்போது பெரியவர் எங்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். "நாளைக்கு நீங்கள் இறங்கும் பாரில் நான் பல தடவை மூழ்கியிருக்கிறேன். அதன் கிழக்குப் பக்கத்தில் மான்கொம்பு போல ஒரு பவளக்காடு நிற்கும். அதற்குள் புகுந்த மீனை எந்தப் பெரிய மீனும் பிடிக்க முடியாது. காது கெட்டபின் இருபது ஆண்டுகளாக நான் கீழே போகவில்லை. அது இன்னும் இருக்கிறதா என்று பார்த்து வந்து சொல்லுங்கள்" என்றார். தம் பிறந்த வீட்டை நெடுநாள் காணாதவர் அவ்வழியே செல்வாரிடம் வீட்டை விசாரிக்குமாறு கூறுவது போன்றிருந்தது அவர் குரல். பார் என்பது கடலடியில் உள்ள பாறைத் திடலுக்கு மீனவர் வழங்கும் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கதிரவன் எழுந்து இரண்டு நாழிகை இருக்கும். பெண்கடல் தன் பெயருக்கேற்பத் தண்ணென்று கிடந்தது. படகு நங்கூரமிட்டதும் இருவர் இருவராக இறங்கினோம். வணிகரின் முறை வந்தபோது அவர் முகம் வெளிறிற்று. படகின் விளிம்பைப் பற்றிய கை விடவில்லை. அவர் மகள் முன்னரே நீரில் இறங்கி, நிமிர்ந்து அவரை நோக்கி, "அப்பா, என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்; நான் விடமாட்டேன்" என்றாள். நடை பழகிய நாளில் மகளுக்கு விரல் கொடுத்த தந்தைக்கு, அன்று மகள் விரல் கொடுத்தாள். பயிற்றுநர் ஒருவர் உடன்வர, தந்தையும் மகளும் அலைக்குள் மறைந்தனர்.

தலை நீருள் அமிழ்ந்த முதல் நொடியில் உலகின் ஒலிகள் யாவும் அற்றுப்போயின. பிறகு ஓர் ஒலி மட்டும் கேட்டது. அது என் மூச்சின் ஒலி. உள்ளிழுக்கும்போது மெல்லிய சீறல். வெளிவிடும்போது குமிழிகளின் கலகலப்பு. பிறந்த நாள் முதல் ஓயாது நிகழும் செயலாயினும், மூச்சு என்பதை ஒருவன் தன் காதாற் கேட்பது இங்குத்தான். ஒவ்வொரு மூச்சும் எண்ணிக் கொடுக்கப்பட்ட காசாகத் தோன்றியது. நிலத்தின்மேல் கணக்கின்றிச் செலவிடும் செல்வத்தை, நீருக்கடியில் கருமியைப் போலக் கணக்கிட்டோம்.

ஐந்து மீட்டர் ஆழத்தில் அடி தெரிந்தது. நீரில் ஒளி புகும்போது முதலில் வலுவிழப்பது செந்நிறம்; ஆதலால் பயிற்றுநரின் சிவப்புக் கச்சையும் அங்கு மங்கிக் கருமை கலந்து தோன்றியது. கண்ணாடி வழியே காண்பதால் யாவும் மூன்றில் ஒரு பங்கு பெரியனவாகவும் அண்மையில் உள்ளனவாகவும் தெரிந்தன. எட்டிப் பிடிக்கலாம் என்று கை நீட்டினால், மீன் கைக்கு அப்பால் நின்றது. முதலிற் கண்டது கடற்புல் வெளி. தஞ்சை வயலில் இளங்காற்றுக்கு நாற்று அசைவதுபோல, நீரோட்டத்திற்கு அப்புல் அசைந்தது. இத்தகைய புல்லை மேய்ந்து வாழும் பேருயிர் கடற்பசு. ஆவுளியா என்று மீனவர் அதனை அழைப்பர். அருகி வரும் அவ்வுயிரைக் காப்பதற்காக, 2022-ஆம் ஆண்டில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் நீரிணைப் பகுதியில் ஏறத்தாழ 448 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பைத் தமிழக அரசு காப்பிடமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதற்காப்பிடம் அதுவே.

புல்வெளி முடிந்த இடத்தில் பார் தொடங்கியது. பாறை என்று நாம் கூறினும் பவளம் பாறையன்று, உயிர். கடுகு போன்ற சிற்றுயிர்கள் கோடிக்கணக்கில் கூடிச் சுண்ணத்தால் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. ஒரு தலைமுறை கட்டிய வீட்டின்மேல் மறு தலைமுறை வீடு கட்டுகிறது. அச்சிற்றுயிரின் உடலுக்குள் அதனினும் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பாசி கதிரொளியைக் கொண்டு உணவு சமைத்துப் பவளத்திற்கு ஊட்டுகிறது; பவளம் பாசிக்கு உறைவிடம் தருகிறது. பவளத்தின் நிறம் பெரும்பாலும் அப்பாசி தந்த நிறமே. அங்கு மூளையின் மடிப்பைப் போன்ற பவளத்தைக் கண்டோம். மேசையைப் போல் விரிந்த பவளத்தைக் கண்டோம். அலகால் பாறையைக் கொறித்து உண்ணும் கிளிமீனின் ஓசை தெளிவாகக் கேட்டது. ஓரா மீன்கள் கூட்டமாய் வந்து, எங்களைக் கண்டு ஒரே நொடியில் ஒருங்கே திரும்பின. பொந்தில் இருந்த களவா மீன் ஒன்று, வீட்டுத் திண்ணையில் அமர்ந்த முதியவர் வழிப்போக்கரைப் பார்ப்பதுபோல, அசையாது எங்களைப் பார்த்தது.

கிழக்குப் பக்கம் சென்றோம். பெரியவர் கூறிய இடம் அங்கு இருந்தது. மான்கொம்புகளும் இருந்தன. ஆனால் அவற்றுட் பல முறிந்து, மேலெல்லாம் பாசி படர்ந்து, பட்டுப்போன மரத்தின் கிளைகள் போலக் கிடந்தன. சில கொம்புகள் எலும்பின் வெண்மையோடு நின்றன. நடுவில் ஒரு சிறு திட்டில் மட்டும் இளங்கொம்புகள் தளிர்த்திருந்தன. அவற்றின் நுனி இளநீலம். அத்தளிர்களுக்கிடையே விரலளவு மீன்கள் சில புகுவதும் வெளிவருவதுமாக இருந்தன. ஆங்கே முறிந்த கொம்பு ஒன்றில் நைலான் வலையின் துண்டு சிக்கியிருந்தது. அதனருகே ஒரு பால் உறை. பயிற்றுநர் அவ்விரண்டையும் மெல்ல விடுவித்துத் தம் பையில் இட்டுக்கொண்டார்.

அந்த வெண்மைக்குக் காரணம் வெப்பம் என்பர் அறிஞர். கடல்நீர் நெடுநாள் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால், பவளம் தன்னுள் குடியிருந்த பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போகிறது, உணவும் போகிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி மீண்டும் குடிபுகும். தணியாவிட்டால் பவளம் பட்டினியால் மடியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் பேரளவில் வெளுத்தன. வெப்பம் ஒன்றே பகையன்று. பல்லாண்டுக் காலம் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் வெட்டப்பட்டன. 2001-ஆம் ஆண்டில் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில் சேர்க்கப்பட்ட பின்னரே அத்தொழில் படிப்படியாக அற்றது. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுள் மூழ்கிவிட்டன. பவளம் தீவுக்கு மதில். மதிலை இடித்தவர்க்கு ஊர் எஞ்சவில்லை.

பயிற்றுநர் கட்டைவிரலை உயர்த்தினார். மெல்ல மெல்ல, குமிழிகளை முந்தாமல், மூச்சை விட்டுக்கொண்டே மேலேறினோம். படகில் ஏறியதும் ஒருவரை ஒருவர் எண்ணிப் பார்த்தோம். எண்மரும் இருந்தோம். வணிகர் மகளின் கையை அப்பொழுதும் விடவில்லை. "கீழே இருந்தபோது பயம் இல்லை, இவள் கை இருந்தது" என்று மட்டும் கூறினார்.

பயிற்றுநர் தம் பையைக் கவிழ்த்தார். வலைத் துண்டோடு அந்தப் பால் உறையும் விழுந்தது. எழுத்துகள் அழிந்துவிட்டன, எவ்வூருடையது என்பதை அறிய வழியில்லை. ஆனால் அரியமங்கலத்தாராகிய எங்களுக்கு அதனைக் கண்டதும் நெஞ்சில் முள் தைத்தது. பல்லாண்டுகளாகத் திருச்சி நகரின் குப்பையெல்லாம் வந்து குவிந்த இடம் எங்கள் ஊர். ஏறத்தாழ 47 ஏக்கர் நிலத்தில் அது மலைபோல் உயர்ந்திருந்தது. அண்மை ஆண்டுகளில் அதனை அகழ்ந்து, பிரித்து, அகற்றும் பணி நடைபெற்றது. கோடையில் அம்மேடு தீப்பற்றிப் புகையும் நாள்களில் சன்னல்களை அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். குழந்தைகளும் முதியவரும் இருமி வருந்துவதைக் கண்டிருக்கிறோம். எறிந்தவர் பலர், மூச்சுத் திணறியவர் சிலர். கடலடியிலும் அதே வழக்கு நடக்கிறது. காவிரியின் கிளைகளுட் சில முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் வழியே பாக் நீரிணையை அடைகின்றன. திருச்சியில் வாய்க்காலில் எறிந்த ஓர் உறை அங்கேயே தங்கிவிடும் என்று உறுதி கூறவல்லார் யார்? குப்பைக்கு ஊர் எல்லை தெரியாது.

கரையில் பெரியவர் காத்திருந்தார். எங்களுள் எவர்க்கும் முதலில் வாய் திறக்க மனம் வரவில்லை. வணிகரின் மகளே அவரருகே சென்று, கேட்கும் காதின் பக்கமாக அமர்ந்து, கண்டது கண்டவாறு கூறினாள். பெரும்பகுதி பட்டுவிட்டது என்பதை மறைக்கவில்லை. நடுவே தளிர் உண்டு என்பதையும் விடவில்லை. பெரியவர் கடலை நோக்கியவாறு சிறிது நேரம் இருந்தார். பின்பு, "தளிரில் மீன் புகுந்ததா?" என்று கேட்டார். "புகுந்தது ஐயா, விரலளவு மீன்கள்" என்றாள். "அது போதும். மீன் நம்பிக் குடியிருந்தால் இன்னும் உயிர் இருக்கிறது என்று பொருள். இனி யாரும் அதைத் தொடாமல் இருக்கவேண்டும்" என்றார் அவர்.

அத்தீவின் கரையில் பாசி எடுக்கும் பெண்களையும் அன்று கண்டோம். கண்ணாடி ஒன்றை முகத்தில் கட்டி, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் எடுத்து விற்று அவர்கள் வாழ்கின்றனர். பாசி வளர இடம் தரவேண்டும் என்று எண்ணி, மாதத்திற் சில நாள்கள் மட்டுமே எடுப்பதென்று தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவராகிய சின்னப்பாலம் இலட்சுமி என்னும் பெண்மணி, அப்பணிக்காக 2015-ஆம் ஆண்டில் சீகாலஜி விருதைப் பெற்றார். நாளைய உணவுக்கு இன்று மூழ்கவேண்டிய ஏழையர், நாளைய கடலுக்காக இன்று கை நிறுத்துகின்றனர். செல்வம் உடையார் செய்யத் தயங்குவதை இவர்கள் செய்து காட்டினர்.

இரவில் ஊர் திரும்பும் வழியெல்லாம் இதனையே பேசிக்கொண்டு வந்தோம். நாம் உள்வாங்கும் பிராணவாயுவைத் தருவன மரங்கள் மட்டும் அல்ல. கண்ணுக்குப் புலனாகாத கடற்பாசிகளும் மிதவை உயிர்களும் உலகில் உண்டாகும் பிராணவாயுவில் ஏறக்குறையப் பாதியைத் தருகின்றன என்று அறிவியல் கூறுகிறது. கடலைக் கண்ணாற் காணாதவனும் கடல் தந்த மூச்சையே வாங்குகிறான். அரியமங்கலத்துத் தெருவில் உறங்கும் குழந்தையின் மூச்சிலும் கடலுக்குப் பங்கு உண்டு.

முத்துக் குளித்தவன் மூச்சு மைத்துனன் பிடித்த கயிற்றில் இருந்தது. எங்கள் மூச்சு இணைவரின் கண்ணில் இருந்தது. பவளத்தின் மூச்சும், அதனை நம்பிய மீனின் மூச்சும், அம்மீனை நம்பிய மனிதரின் மூச்சும் கரையில் வாழும் நம் கையில் இருக்கின்றன. கயிற்றின் ஒரு நுனி ஆழ்கடலில் உள்ளது. மறு நுனி நம் ஊர்த் தெருவரை நீண்டு கிடக்கிறது. ஆழத்திலிருந்து வரும் சுண்டலை உணர்ந்து உடனே செயற்படுவதே கயிறு பிடித்தவன் கடமை.